தாழி உடைந்தால் சான்று உடையும்



கடையத்துக் கழனிகளை நனைக்கும் இராமநதி, கடனாநதியோடு கூடிப் பொருநையிற் கலக்கின்றது. அப்பொருநையின் தென்கரையில், நெல்லைக்குக் கிழக்கே, 114 ஏக்கர்ப் பரப்பில் கிடக்கின்றது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. அம்மேட்டின் அடியில் உறங்குவன முதுமக்கள் தாழிகள்.

1876ஆம் ஆண்டு செருமானியராகிய யாகோர் அங்கு அகழ்ந்தார்; எடுத்தவை பெர்லின் சென்றன. 1899 முதல் அலெக்சாந்தர் இரீ அகழ்ந்தார். இரும்பு வாளும் வேலும், வெண்கலக் கலங்களும், பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டுச் சென்னை அருங்காட்சியகம் புகுந்தன. மண் பொருநைக்கரையில், மண்ணின் செல்வமோ அயலூரில்!

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2004இல் நடுவணரசின் தொல்லியல் துறை அகழ்ந்து 160க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அறிக்கையோ பத்தாண்டு கடந்தும் வெளிவரவில்லை. வழக்குமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2023இல்தான் அகழ்குழியின் மேலேயே கண்ணாடித் தளமிட்டுக் களக்காட்சியகம் திறக்கப்பட்டது.

அண்மையிலுள்ள சிவகளையில் தமிழக அரசு அகழ்ந்தபோது, தாழியுட் கிடந்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டது. 2025இல் வெளியான ஆய்வு, அங்குள்ள இரும்பின் தொன்மையைக் கி.மு. 3345 வரை கொண்டுசென்றது. ஒரு பிடி நெல்லும் ஒரு துண்டு கரியும் இத்துணை பேசியது எவ்வாறு? கிடந்த இடத்திலேயே கலையாமற் கிடந்தமையால்! அவையே வண்டிமண்ணோடு அள்ளப்பட்டிருப்பின், வெறுங்குப்பையாய்ப் போயிருக்கும்.

இத்தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்திலும் 2024இல் கற்பலகை சூழ்ந்த தாழிகள் வெளிப்பட்டன. கடையத்துப் புன்செய் மேடுகளின் அடியிலும் தாழிகள் இருத்தல் கூடும். கிணறு வெட்டுவோரே, கடைக்கால் தோண்டுவோரே! மண்வெட்டியில் தடித்த பானை விளிம்பு தட்டுப்படின் கையை நிறுத்துங்கள். உள்ளே பொன் இருக்குமென உடையாதீர்கள். வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே அறிவியுங்கள். சரளைக்கு மேடுகளை விற்போரைத் தடுத்துக் கேளுங்கள்.

தமிழன் தொன்மையன் என மேடையில் முழங்குதல் எளிது. "சான்று எங்கே?" என உலகம் வினவும்போது விடை சொல்ல வேண்டியது அந்தத் தாழியன்றோ? அரசு வேலியிட்ட மேடுகள் சில, வேலியற்றவை பல. அவற்றுக்கு ஊராரின் கண்ணே வேலி.

வெல்க தமிழ்!