ஒரு வரிக் கட்டளையும் ஆபீஸ் கிராணியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கணினிக்காரர்கள் 'ஏபிஐ சர்வர்' என்கிறார்களே, அது என்ன? நம் ஆபீஸ் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த மாசம் எனக்கு எத்தனை நாள் வேலை?" என்று கேட்டால் செக்ரோலைப் புரட்டிச் சொல்வார், புத்தகத்தை நம் கையில் தரமாட்டார். அவ்வளவுதான் விஷயம். மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம் வானிலையையும் வாராந்தர பெட்ரோல் விலையையும் இப்படித்தான் மற்றச் செயலிகளுக்குக் கொடுக்கிறது.

முன்பு இதைக் கோப்புக் கோப்பாகக் கையால் எழுதினார்கள். 2004-இல் டென்மார்க்கின் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' வெளியிட்டார். கறுப்புத் திரையில் 'ரெயில்ஸ் நியூ' என்று தட்டிப் பெயர் கொடுத்தால் கோப்புகள் எல்லாம் தாமாக வந்து நிற்கும். 2016-இன் ஐந்தாம் பதிப்பிலிருந்து 'ஏபிஐ மட்டும்' என்றும் கேட்கலாம். அடுத்த கட்டளை 'ஸ்கஃபோல்ட்'. கொத்தனார் கட்டுகிற சாரம் என்று அர்த்தம், பொருத்தமான பேர்தான்! பள்ளி நூலகப் பட்டியலைக் காட்ட, சேர்க்க, திருத்த, அழிக்க வழி பிறந்துவிடும். 'மைக்ரேட்' என்றால் தரவுத்தளத்தில் அதற்கான அட்டவணையும் தயார்.

பிள்ளைகளே, இங்கேதான் கவனம். கேட்பவர் யார் என்று அந்தச் சாரம் பார்க்காது. அப்படியே இணையத்தில் ஏற்றினால் எவனும் வந்து அழித்துவிட்டுப் போகலாம். புத்தகப் பட்டியல் போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். உங்கள் பிறப்புப் பத்திர எண்ணும் வீட்டு விலாசமும் அதில் இருந்தால்? கிராணிக்கு நம் முகம் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அந்தப் பூட்டை நாம்தான் எழுத வேண்டும்.

ரெயில்ஸுக்குக் காசு கிடையாது. இடைநிலைப்பள்ளி அண்ணன், அக்காமார் உதவியோடு செய்து பாருங்கள். பூட்டு எழுதி முடியும்வரை சொந்தக் கணினிக்குள்ளேயே ஓடட்டும்.