‘போல்’ என்னும் ஒரு சொல்



செய்யுள் பாடத்திலே உவமேயம், உவமானம், பொதுத்தன்மை, உவமவுருபு ஆகிய நான்கையும் நாம் எல்லோரும் மனனம் செய்தோம். முகம் உவமேயம்; தாமரை உவமானம்; மலர்ச்சி பொதுத்தன்மை; ‘போல்’ உவமவுருபு. வைத்தியத் துறைக்குச் சென்ற எங்களுக்கு இவை இன்றும் நாள்தோறும் வேண்டியிருக்கின்றன.

நோவு எப்படிப்பட்டது என்பதை இரத்தப் பரிசோதனை காட்டாது. நோயாளி ஓர் உவமையாலேதான் சொல்வார். “நெஞ்சிலை கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு” என்றால் பொதுத்தன்மை பாரம். இதயத்துக்கு இரத்தம் போதாமலிருக்கலாம் என்று உடனே ஈ.சி.ஜி. எடுப்போம். “ஊசியாலை குத்தின மாதிரி, மூச்சு இழுக்கேக்கை கூடுது” என்றால் பொதுத்தன்மை கூர்மை. நுரையீரலின் உறையையும் எண்ணிப் பார்ப்போம். எதைப் போல என்பதோடு நில்லாமல், எந்த வகையில் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது உருவகம். அங்கே ‘போல்’ மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். “என்ரை நெஞ்சு கல்லாய்ப் போச்சுது, பிள்ளை” என்பார், போரில் மகனை இழந்த ஒரு தாய். அதே நெஞ்சு, அதே கல். இதற்கும் ஈ.சி.ஜி. எடுக்கலாம், ஆனால் அதோடு எழும்பிவிடக் கூடாது. கதிரையை அருகே இழுத்து இருந்து கேட்க வேண்டும்.

மூன்றாவது மெய்ப்பாடு. உள்ளத்து உணர்வு உடலிலே தோன்றுவது அது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக அதனை வகுக்கிறது தொல்காப்பியப் பொருளதிகாரம். அதை 1885 இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தவர் எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. “எனக்கு ஒண்டுமில்லை” என்று வாய் சொல்லும்போதே விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கும். அச்சத்தை மெய் சொல்லிவிடும்.

வெளிநாடுகளில் வாழும் தோழியரே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அம்மம்மாவின் நோவை வைத்தியரிடம் மொழிபெயர்த்துச் சொல்பவர்கள் பல வேளைகளில் பேரப்பிள்ளைகளே. அம்மம்மா சொன்ன கல்லையும் ஊசியையும் விட்டுவிட்டு, ‘நெஞ்சு நோகுதாம்’ என்று மட்டும் அவர்கள் சொன்னால் நோயின் அடையாளமே தொலைந்துபோகும். ஆகவே வீட்டிலே தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது இந்த மூன்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். “எதைப் போல, அம்மம்மா? எந்த வகையிலை?” என்று கேட்க அவர்களைப் பழக்குவோம்.