எழுதி வைப்பதும் அமானிதம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி, பள்ளி விடுமுறையில் நடந்த குடும்ப நாளில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் இந்த மேசையைச் சுற்றி வந்து நிற்கும் பிள்ளைகளே!

ஐம்பது ஆண்டுகள் இந்தச் சங்கத்தைக் கட்டிக்காத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். கேமரன் மலையில் முதல் கூட்டத்துக்குப் பாய் விரித்தவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.

ஒவ்வொரு விடுமுறையிலும் பிள்ளைகளை ஸ்ட்ராபெர்ரி தோட்டத்துக்கோ தேனீப் பண்ணைக்கோ கூட்டிப் போவோம். இந்தத் தடவை வேறு மாதிரி செய்தோம். பிரிஞ்சாங்கில் 2007இல் திறக்கப்பட்ட 'டைம் டனல்' என்ற உள்ளூர் அரும்பொருளகத்துக்குக் காலையில் போய் வந்தோம். தனி மனிதர் ஒருவர் ஆசையாகச் சேர்த்த பொருள்களில் உருவான இடம் அது. பழைய முடிதிருத்தும் கடை, காப்பிக்கடை, தகர விளம்பரப் பலகைகள், விளையாட்டுச் சாமான்கள், இந்த மலையின் பழைய படங்கள் என்று சின்ன இடத்துக்குள் நிறைய இருந்தன. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "பிடித்த பொருள் ஒன்று, அதைப் பற்றி ஒரு கேள்வி" எழுதி வரச் சொன்னோம். பெரியவர்கள் காப்பிக்கடைப் பக்கம் போனதும், பிள்ளைகளை விட அதிகம் பேசியது பெரியவர்கள்தான்!

திரும்பி வரும்போது தாள்களைப் படித்துக்கொண்டே வந்தோம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, பிடித்த பொருள் என்ற இடத்தை வெறுமனே விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எழுதியிருந்தது: "நன்னா கடை எங்கே?"

இது அந்த அரும்பொருளகத்தின் மேல் சொல்லும் குறை அல்ல. சேர்ப்பவர் தம் கைக்குக் கிடைத்ததைத்தானே சேர்க்க முடியும்? நாம் எதையும் வைத்திருந்து கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மலைக்கே ஒரு கதை உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் மலைகளுக்கு நடுவே இந்தச் சமவெளியைப் பார்த்தார். ஆனால் இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. அதனால் பின்னால் வந்தவர்களுக்கு அவர் சொன்ன இடம் எது என்று தெரியாமல் போயிற்று. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதை மலை வாசத்தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. ஒரு மலையையே குறித்து வைக்காவிட்டால் தொலைத்துவிடலாம் என்றால், ஒரு மளிகைக்கடை எம்மாத்திரம்?

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டியவர்களும் கொழுந்து எடுத்தவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து இருந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். அந்த ஐந்து கிலோவும் இரண்டு இலை, ஒரு மொட்டாகக் கையால் கிள்ளிக் கூடையில் சேர்ந்தது. அந்தக் கைகளுக்கு அரிசியும் பருப்பும் நெத்திலிக் கருவாடும் மண்ணெண்ணெயும் கொடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. சிம்பாங் பூலாய் பாதை வருவதற்கு முந்திய காலம் அது. தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து சரக்கு மேலே வரும். சம்பள நாள் வரைக்கும் எல்லாம் கடன்தான். அந்தக் கடன் எழுதப்பட்டது 555 புத்தகத்தில். 'மூணு அஞ்சு புத்தகம்' என்றால் இங்குள்ள பெரியவர்கள் சிரிக்கிறார்கள். பிள்ளைகளே, உள்ளங்கை அளவுள்ள சின்ன நோட்டு அது. வீட்டுக்கு ஒன்று. கடைக்காரரின் வங்கிக் கணினி அதுதான்.

இப்போது ஒரு தவற்றை உங்கள் முன் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், பழைய கடை ஒன்றை மூடியபோது, அந்தக் குடும்பத்தார் இரண்டு சீனிச் சாக்கு நிறைய 555 புத்தகங்களைக் கட்டிச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். "கொஞ்ச நாள் வைத்திருங்கள்" என்றார்கள். நாமும் பின்கட்டு அறையில் போட்டு வைத்தோம். நம் மலையின் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்துக்குச் சாயம் பூசும்போது பார்த்தால் சாக்கு முழுதும் பூஞ்சை. யாரையும் கேட்கவில்லை. பழைய தாள் வாங்குபவரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிட்டோம். சில வெள்ளி கிடைத்தது. அதற்குத் தேத்தண்ணி வாங்கிக் குடித்தோம்.

சில மாதம் கழித்து அந்தக் கடைக்காரரின் மனைவி வந்தார். கணவர் மவுத்தாகி இருந்தார். மாமி ஹஜ்ஜுக்குப் போக நிய்யத் வைத்திருந்தார். புத்தகங்களைக் கேட்டார். நாங்கள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். "எப்படியும் வராத கடன்தானே மாமி, விட்டுடுங்க" என்றும் சொன்னோம்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வரவேண்டியதை அவங்க எப்பவோ ஹலாலாக்கிட்டாங்க தம்பி. அதுல சிவப்புப் பென்சில்ல எழுதுனது வேற. அது நாங்க கொடுக்க வேண்டியது."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. லயத்தில் பூட்டில்லாத வீடு. சீட்டுப் பணம், தாலிக்குச் சேர்த்த பணம், ஊருக்கு அனுப்பச் சேர்த்த பணம் என்று தோட்டத்து ஆட்கள் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பார்கள். ரசீது கிடையாது. அவருக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்தது அந்தச் சிவப்பு எழுத்து ஒன்றுதான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் அவசர அவசரமாகக் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். கொடுத்து வைத்ததை வாங்காமலேயே போனவர்களும் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பது அந்தச் சாக்கில் இருந்தது. நாங்கள் அதை எடைக்குப் போட்டோம்.

மாமி எங்களைத் திட்டவில்லை. "தொகை தெரியாத கடனை எப்படித் தம்பி கொடுப்பேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு இன்று வரைக்கும் எங்களிடம் பதில் இல்லை.

சகோதரர்களே, திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ, சோம்பாமல் எழுதச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நம் பெரியவர்கள் அதை உள்ளங்கை நோட்டில் செய்து காட்டினார்கள். அவர்கள் எழுதினார்கள். நாம்தான் காக்கவில்லை. அமானிதம் என்பது பணம் மட்டும் அல்ல. பணத்துக்குச் சாட்சியான தாளும் அமானிதம்தான்.

தாள் காப்பாற்றப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1887இல் சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழை நடத்தத் தொடங்கினார். 1890 வரைக்கும் அது வெளிவந்தது. இந்த மண்ணில் தமிழ் இதழியல் பேசும் எவரும் இன்று அந்தப் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இதழ்கள் நூலகத்தில் பத்திரமாக இருந்ததால்தான் அந்தப் பெருமை நமக்கு மிஞ்சியது. அதே சிங்கப்பூரில், 1828க்கும் 1830க்கும் இடையில் நம்மவர்கள் கட்டிய நாகூர் தர்கா இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில், பாரதெக்க என்ற இடத்தில், பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் அரும்பொருளகமாக 2007இல் ஆக்கினார்கள். மாளிகை கட்டவில்லை. ஆட்கள் குடியிருந்த காம்பராவில் அவர்கள் புழங்கிய சாமான்களையே வைத்தார்கள். அது நம்மாலும் முடிகிற காரியம்.

இனி, இந்த மேசையைப் பாருங்கள். விடுமுறை தொடங்கிய நாளிலேயே வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். வந்தவை இவை.

ஒரு தராசு, இரும்புப் படிக்கற்களோடு. கட்டியும் தாயிலும் எழுதிய கற்கள். கிலோ வருவதற்கு முன் 16 தாயில் ஒரு கட்டி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 605 கிராம். சற்று முன் பிள்ளைகள் தங்கள் கைப்பேசிகளை நிறுத்துப் பார்த்தார்கள்!

ஒரு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைச் சாயத்தில் பெயரும் 'நாகப்பட்டினம்' என்ற ஊரும். ரஜூலா கப்பலில் வந்த பெட்டி. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு ஒன்று. அது காசாக இருந்தபோதும் அதற்கு அரிசி கிடைக்கவில்லை என்று அதைக் கொண்டுவந்த பெரியத்தா சொன்னார்.

அரபுத் தமிழில் எழுதிய ஒரு கடிதம். எழுத்து அரபு, பேச்சு தமிழ். இந்த மண்டபத்தில் அதை முழுதாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். நம்மிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

கடைசியாக, ஒரு 555 புத்தகம். ஆம், அந்தக் கடையினுடையதுதான். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததைப் பேரன் கண்டெடுத்தார். உள்ளே மூன்று இடத்தில் சிவப்புப் பென்சில். மூன்று பெயர், மூன்று தொகை. ஒருவருடைய பேத்தியை விசாரித்து விசாரித்து ஈப்போவில் கண்டுபிடித்துவிட்டோம். 42 வெள்ளி. அந்தப் பிள்ளை, கோயிலுக்குப் போய்த் திரும்பிய கையோடு, நெற்றியில் திருநீற்றோடு வந்து வாங்கிக்கொண்டது. "எங்க தாத்தா பேரு இப்படி எழுதிப் பார்த்ததே இல்லீங்க" என்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டது. பணத்தை விட அந்தப் படம்தான் அதற்குப் பெரிதாக இருந்தது. மற்ற இருவரின் குடும்பத்தை இன்னும் தேடுகிறோம். பெயர்களைச் சபையில் படிக்கப் போவதில்லை. அடுத்தவர் கணக்கு அது. பழைய தோட்டத்து ஆட்களைத் தெரிந்தவர்கள் எங்களிடம் தனியாக வாருங்கள். காட்சிக்கு வைத்தாலும் பெயர்களை மறைத்துத்தான் வைப்போம்.

ஆகவே பொன்விழா ஆண்டில் செயற்குழு எடுத்த முடிவு இது. பின்கட்டு அறையை, ஆம், அதே அறையைத்தான், காற்றோட்டமாக்கிக் கண்ணாடி அலமாரி வைக்கிறோம். ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் ஒரு நாள் பிள்ளைகளுக்கு. ஒரு விடுமுறையில் பொருள் சேர்ப்பார்கள். அடுத்ததில் பெரியவர்களிடம் கேட்டுக் குரலைப் பதிவு செய்வார்கள். அதற்கடுத்ததில் அரபுத் தமிழ் படிக்கப் பழகுவார்கள். பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பின்போது அறையை எல்லாருக்கும் திறந்து விடுவோம். தோட்டத்து இந்துக் குடும்பங்களும் சீன நண்பர்களும் பூர்வகுடி மக்களும் வரட்டும். நம் கடைக் கணக்கில் அவர்களும் இருந்தவர்கள்தானே.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பழைய தாளைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்ததை செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். மருந்துப் பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் பெட்டியில் போடுங்கள். படத்தின் பின்புறம் பேனா வேண்டாம். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, யார் சொன்னது. எறிய நினைத்தால் எறிவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள். இனிமேல் உங்களைக் கேட்காமல் நாங்களும் எதையும் எறிய மாட்டோம். இது சபை முன் கொடுக்கும் வாக்கு.

"நன்னா கடை எங்கே?" என்று கேட்ட பிள்ளையே, நீ வெறுமனே விட்ட இடத்தை நாங்கள் நிரப்பவில்லை. அந்தத் தாளை அப்படியே அலமாரியின் முதல் தட்டில் வைக்கப் போகிறோம். அடுத்த விடுமுறையில் நன்னியிடம் கேட்டு நீயே நிரப்பு. பென்சிலால் எழுது.

நம் முன்னோர் விட்டுப்போன அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.