மூஸி நதிக் கரையிலே

ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அதன் ஆற்றங்கரையில் நடந்து பார்க்க வேண்டும். ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்று கருதியவர்கள் நம் மூத்தோர். ஸ்ரீரங்கத்தைக் காவிரியினின்றும், மதுரையை வைகையினின்றும், நெல்லையைப் பொருநையினின்றும் பிரித்து எண்ண நம்மால் முடியுமா? இங்கிலாந்து சென்று வருவோரும், தேம்ஸ் நதியில் படகேறி, வின்ட்ஸர் கோட்டையையும் பார்லிமெண்டு மாளிகையையும் லண்டன் கோபுரத்தையும் நீர் மீதிருந்தே கண்டு வந்ததைப் பெருமையோடு சொல்வார்கள்.

ஆனால், ஹைதராபாத்திலும் ஸிகந்தராபாத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவரிடம், "மூஸி நதியைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டால், "பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம்" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விடையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், இந்நகரின் சரித்திரம் முழுவதையும் தன் இரு கரைகளிலும் எழுதி வைத்திருப்பது அந்த நதியேதான். அதைச் சற்றே படித்துப் பார்ப்போம்.

விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் குன்றுகளில் மூஸி பிறக்கிறது. சுமார் 240 கிலோமீட்டர் ஓடி, நல்கொண்டா மாவட்டத்து வாடபள்ளியில் கிருஷ்ணா நதியோடு கலக்கிறது. நகருக்குள் நுழையுமுன், லங்கர் ஹவுஸ் அருகே ஈஸி என்னும் துணையாறு இதனோடு சேர்கிறது. அந்தச் சங்கமத்தில்தான் 1948ஆம் ஆண்டில் காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்டது. அவ்விடம் இன்று பாபு காட் என்று வழங்குகிறது.

அங்கிருந்து கிழக்கே வந்தால் புரானாபுல், அதாவது பழைய பாலம். கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குதுப் ஷா 1578இல் இதைக் கட்டுவித்தார். இருபத்திரண்டு வளைவுகள் கொண்ட கற்பாலம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வைர வணிகர் தவர்னியே, பாரீஸ் நகரத்துப் பாலத்தோடு இதை ஒப்பிட்டுப் புகழ்ந்தார். வெள்ளத்தையும் பொருட்படுத்தாமல் காதலி பாகமதியைக் காணக் குதிரையை ஆற்றில் இறக்கிய இளவரசர் முகம்மது குலிக்காகவே தந்தை இப்பாலத்தை அமைத்தார் என்று ஒரு கதை உண்டு. பாலம் முடிந்த ஆண்டில் இளவரசருக்குப் பதின்மூன்று வயதுக்கு மேல் இராது என்பதை நினைத்தால் கதை சற்றே தடுமாறுகிறது. ஆனால் ஒன்று மெய். பாலம் வந்தது முதலில். சார்மினாரும் ஹைதராபாத் நகரமும் வந்தது 1591இல். நகரத்துக்காகப் பாலம் எழவில்லை. பாலம் காட்டிய வழியில் நகரம் எழுந்தது.

புரானாபுலைத் தாண்டியதும், இரு கரைகளிலும் மாளிகைகள் அணிவகுக்கக் காண்கிறோம். தென்கரையில் ஸிடி காலேஜ். அதையடுத்து, செந்நிறக் கல்லும் கும்மட்டங்களுமாக உயர்நீதிமன்றக் கட்டடம். எதிரே வடகரையில், வெண்ணிறக் கும்மட்டங்களோடு உஸ்மானியா மருத்துவமனை. நீதிமன்றத்தையும் மருத்துவமனையையும் எழுப்பியதில் முக்கியப் பங்கு கொண்டவர் வின்சென்ட் எஷ் என்னும் ஆங்கிலச் சிற்பி. நயாபுல் என்னும் புதுப் பாலத்தைக் கடந்தால், வடகரையில் அரசு மத்திய நூலகம். தென்கரையில் ஸாலார் ஜங் காட்சிசாலை. இவற்றுள் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே காலத்தில், ஆற்றைப் பார்த்த முகமாகவே எழுந்திருக்கின்றன. இது தற்செயலா? இல்லை. இதற்குப் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கிறது.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள். பெருமழை கொட்டித் தீர்த்தது. மூஸியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் அந்நாளில் 788 ஏரிகள் இருந்தன. அவற்றுள் 221 உடைந்தன. சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளில் ஒன்று உடைந்தால் என்ன நேரும் என்பது தஞ்சையையும் செங்கற்பட்டையும் அறிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் ஆறு கடலாயிற்று. அஃப்ஸல் பாலமும், முஸல்லம் ஜங் பாலமும், சாதர்காட் பாலமும் அழிந்தன. இரு கரைகளையும் இணைக்க எஞ்சியது பழைய பாலமாகிய புரானாபுல் ஒன்றே. இறந்தவர்கள் பதினையாயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் கரையோரத் தாழ்ந்த தெருக்களில் குடியிருந்த எளியவர்கள். உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தம் தாயையும் மனைவியையும் மகளையும் அந்த ஒரே வெள்ளத்தில் இழந்து, தாம் மட்டும் பிழைத்தார்.

உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலே ஒரு புளியமரம் நிற்கிறது. அன்று அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினர் என்பர். ஆற்றங்கரை மாளிகைகள் அனைத்திலும் மூத்ததாகவும் உயர்ந்ததாகவும் நான் மதிப்பது அந்த மரத்தைத்தான். வள்ளல் கட்டிய மண்டபம் எத்தனை பேருக்கு நிழல் தந்தது என்பதற்குக் கணக்கு உண்டோ, இல்லையோ, அம்மரத்துக்கு உண்டு.

துயரத்தோடு நின்றுவிடாமல் நகரம் காரணத்தையும் ஆராய்ந்தது. நிஜாம் அரசாங்கம் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவை வரவழைத்தது. 1909இல் அவர் வந்து, மழையை அளந்து, ஏரிகளை எண்ணி, வெள்ளத்தின் அளவைக் கணக்கிட்டார். "வெள்ளத்தை நகருக்குள் தடுக்க முற்படாதீர்கள்; நகருக்கு மேலேயே தேக்கிவையுங்கள்" என்பதே அவர் கூறிய யோசனையின் சாரம். அவ்வாறே மூஸியின் குறுக்கே உஸ்மான் ஸாகர் 1920இலும், ஈஸியின் குறுக்கே ஹிமாயத் ஸாகர் 1927இலும் அமைந்தன. வெள்ளத்தைத் தடுக்க வந்த நீர்த்தேக்கங்கள் நகரின் தாகத்தையும் தணித்தன. 1912இல் அமைந்த நகர அபிவிருத்திக் குழு, கரைகளைச் செப்பனிட்டுத் தோட்டங்களை உண்டாக்கியது. நீதிமன்றமும், மருத்துவமனையும், கல்லூரியும் அதற்குப் பின்னரே கரையில் எழுந்தன. ஆகவே, நாம் அழகென்று காணும் கட்டட வரிசை, அழிவிலிருந்து ஒரு நகரம் கற்றுக்கொண்ட பாடமேயாகும்.

இன்னும் கீழே, சாதர்காட் வடகரையில், பிரிட்டிஷ் ரெஸிடென்ஸி மாளிகை நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரெஸிடென்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக் எழுப்பியது. இதற்கு வரைபடம் தந்தவர் மதராஸ் இஞ்சினீயர் படையைச் சேர்ந்த ஸாமுவேல் ரஸ்ஸல் என்பது நமக்குச் சுவையான செய்தி. ஹைதராபாத்துப் பிரபுக் குடும்பத்துப் பெண்ணாகிய கைருன்னிஸாவை மணந்த கிர்க்பாட்ரிக்கின் கதையும் இம்மாளிகையோடு பிணைந்தது. 1949இல் பெண்கள் கல்லூரி இங்கு வந்தது. 2022இல் அது பல்கலைக்கழகமாயிற்று. ஒரு சாம்ராஜ்யத்தின் கொடி பறந்த இடத்தில் நம் பெண்கள் கல்வி பயில்வதைக் காட்டிலும் நல்ல முடிவு அந்த மாளிகைக்கு வேறென்ன வேண்டும்?

பாடம் கற்ற நகரம் அதை மறக்கவும் கற்றது. நீர்த்தேக்கங்கள் காவல் நிற்கின்றன என்ற துணிவில் ஆற்றுப்படுகைக்குள்ளேயே குடியிருப்புகள் பெருகின. நகரின் கழிவு நீரெல்லாம் மூஸிக்கே வழிகண்டது. 2020 ஜூலையில் மழைநீர் புகுந்ததையடுத்து, உஸ்மானியா மருத்துவமனையின் பழைய கட்டடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. 2025 செப்டம்பரில் நீர்த்தேக்கங்களின் மதகுகள் திறக்கப்பட்டபோது, ஆற்றின் நடுவே இம்லிபன்னில் அமைந்த மகாத்மா காந்தி பஸ் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. தன் இடத்தை ஆறு மறக்கவில்லை, மறந்தவர்கள் நாம்.

தேம்ஸ் நதி எப்போதும் இன்றிருப்பதுபோல் இருந்ததென்று எண்ண வேண்டாம். 1858ஆம் ஆண்டுக் கோடையில் அதன் நாற்றம் தாளாமல் பார்லிமெண்டு அங்கத்தினர்களே திணறினார்கள். பாஸல்ஜெட் என்னும் பொறியாளர் நகரமெங்கும் கழிவு நீர்க் கால்வாய்களை அமைத்தார். அதற்குப் பின்னும் நோயுற்று, 1957இல் உயிரற்ற நதி என்று அது அறிவிக்கப்பட்டது. இன்று அதில் மீனினங்கள் மீண்டும் வாழ்கின்றன. ஆற்றை மீட்டது அதிசயமன்று. கழிவை ஆற்றில் சேராமல் நிறுத்திய பொறுமையான உழைப்பே.

மூஸிக்கும் அது கைகூடும். நதிக்கரை அபிவிருத்திக்கென ஒரு கழகம் 2017இல் அமைந்தது. 2024இல் படுகையில் வாழ்ந்தோரை அகற்றத் தொடங்கியபோது எதிர்ப்பும் எழுந்தது. ஆற்றுக்கு அதன் இடம் வேண்டும். ஏழைக்கு அவன் வீடு வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் புறக்கணித்தால் 1908இன் பாடத்தைப் பாதிதான் படித்தவர்களாவோம். அன்று உயிரிழந்தவர்களும் கரையோரத்து ஏழைகளே அல்லவா?

பிழைக்க வந்த ஊரின் கடைத்தெருவை அறிந்திருக்கிறோம், மொழியையும் கற்றிருக்கிறோம். அதன் ஆற்றையும் நம்முடையதாகக் கொள்வோம். ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நயாபுலின் மீது நின்று, இருபுறமும் உள்ள கும்மட்டங்களைக் காட்டுங்கள். அவை ஏன் அங்கே எழுந்தன என்பதையும் சொல்லுங்கள். புளியமரத்தின் கதையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.