ஒரே மின்மானி, இரண்டு குடும்பங்கள்



 

தொழுகையிலும் நோன்பிலும் பேணுதலாக இருக்கும் சிலர், கொடுக்கல் வாங்கல் என்று வரும்போது தடுமாறிவிடுவதை நாம் காண்கின்றோம். வாடகை வீட்டின் மின்சார, நீர்க் கட்டணம் அத்தகைய ஒரு விடயமாகும்.

தெமட்டகொடை, மாளிகாவத்தை, வெல்லம்பிட்டி போன்ற பகுதிகளில் கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரரும் மேல்மாடியில் வாடகைக் குடும்பமும் வாழும் வீடுகள் அநேகம். படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் தலைநகர் வரும் நம் பிள்ளைகளும் இத்தகைய இடங்களிலேயே தங்குகின்றனர். குடும்பங்கள் இரண்டு, மின்மானியோ ஒன்று. பட்டியல் வந்ததும் ஒருவர் மற்றவரின் குளிர்சாதனப் பெட்டியைக் குறை கூறுகின்றார். மற்றவர் இவரின் நீர் மோட்டாரைக் குறை கூறுகின்றார். ஈற்றில், படிக்கட்டில் சந்தித்தாலும் ஸலாம் சொல்லாத நிலை உருவாகின்றது.

இங்கே ஓர் உண்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் வீட்டுப் பாவனைக்கான மின் கட்டணம் படிமுறையானது. அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். 2025ஆம் ஆண்டின் கட்டண அட்டவணையிலும் மாதத்துக்கு 60 அலகுகள் என்பது ஒரு முக்கிய எல்லை. கீழ் வீடு 55 அலகுகளும் மேல் வீடு 40 அலகுகளும் பாவித்தால், தனித்தனியே எவரும் அவ்வெல்லையைத் தாண்டவில்லை. ஆனால் ஒரே மின்மானியில் அவை 95 அலகுகளாகி, உயர்ந்த கட்டணத்துக்குள் சென்றுவிடுகின்றன. அந்த மேலதிகப் பணத்தை எவரும் திருடவில்லை; இருவரும் சேர்ந்திருப்பதால் வந்த சுமை அது. எனவே, மொத்தத் தொகையை 95 பங்குகளாக்கி, 55 பங்கை ஒருவரும் 40 பங்கை மற்றவரும் ஏற்பதே நீதியாகும்.

இதற்கு மேல் வீட்டுக்கென ஒரு துணை மின்மானி பொருத்தப்படல் வேண்டும். பட்டியல் எழுதப்படும் அதே நாளில் இருவரும் சேர்ந்து அதனை வாசித்துக் குறித்துக்கொள்வது சிறந்தது. நீருக்குத் தனி மானி இல்லையேல், ஆட்களின் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம்.

வீட்டுச் சொந்தக்காரர்களே! அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்போரை அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் வன்மையாகக் கண்டிக்கின்றது. அளவை என்பது தராசு மட்டுமல்ல, மின்மானியும் அளவைதான். பட்டியலைக் காட்டாமல் ஒரு தொகையைக் கேட்பதும், முன்னிருந்தவரின் நிலுவையைப் புதியவர் மீது சுமத்துவதும், கோபத்தில் மின்சாரத்தைத் துண்டித்துச் சிறு பிள்ளைகளை இருளில் வைப்பதும் அநீதியாகும்.

வாடகைக்கு இருப்போரே! புதிதாக ஒரு மின்சாதனம் வாங்கினால், விருந்தினர் பல நாட்கள் தங்கினால், கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். கட்டணத்தைச் செலுத்தாது வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவது, அடியார்களின் ஹக்கைச் சுமந்து செல்வதாகும்.

தவணையிட்ட கடனை எழுதிக்கொள்ளுமாறு ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனம் நமக்கு வழிகாட்டுகின்றது. மாதம் முழுவதும் பாவித்துப் பின்னர் செலுத்தும் கட்டணமும் ஒரு வகையில் கடனே. ஆகவே பிரிக்கும் முறை, செலுத்தும் திகதி, குடிவந்த நாளின் மானி இலக்கம் என்பவற்றை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மகனுக்கு அறை பார்க்கச் செல்லும் தந்தை, வாடகையை மட்டும் பேசிவிட்டுத் திரும்பக் கூடாது.

பிணக்கு ஏற்பட்டுவிட்டால், ஆறு மாதப் பட்டியல்களை முன்வைத்து நிதானமாகப் பேசுங்கள். முடியாவிடின் இரு தரப்பும் நம்பும் பெரியவர் ஒருவரை நாடுங்கள். அதுவும் பயனளிக்காவிடின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கின்றது. அது தீர்ப்பைத் திணிப்பதில்லை. இருவரும் இணங்கும் வழியைக் காண உதவுகின்றது.

சில நூறு ரூபாய்க்காக அண்டை வீட்டாரின் உறவை இழந்துவிடாதிருப்போம். அதே வேளை, அந்தச் சில நூறு ரூபாயும் பிறர் உரிமை என்பதை மறவாதிருப்போம். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மைப்படுத்துவானாக!