விளக்கும் குடமும்
(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

அடியேன் மிஷன் பாடசாலையிற் கல்வி பயின்றவன். அங்கே குடியியற் பாடத்தில் ஒருநாள் ஆசிரியரிடம் ஓர் ஐயம் எழுப்பினேன். "பாராளுமன்றத்துக்குப் பிரதிநிதிகளை அனுப்பிவிட்டோமே, பின்னர் மக்களை நேரே கேட்பது எதற்காக, சேர்?" என்றேன். அவர் விடை கூறாமல் எதிர்வினா விடுத்தார். "வெளியூர் போகிறவன் மைத்துனனுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறான். மைத்துனன் குத்தகை வாங்கலாம், வேலி அடைக்கலாம். ஆனால் அந்தத் தத்துவத்தின் தவணையைத் தானே நீட்டிக்கொள்ளலாமோ?"

சர்வசன வாக்கெடுப்பின் தத்துவம் இதுவே. காரியத்தர் காணியை நடத்தலாம். உறுதியிற் கைவைப்பதாயின் உடையவனைக் கேட்டே ஆகவேண்டும்.

நமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதனை 'மக்கள் தீர்ப்பு' என அழைக்கின்றது. சாதாரண சட்டங்களைப் பாராளுமன்றம் தானே இயற்றும். ஆனால் 83 ஆம் உறுப்புரை குறிக்கும் அடிப்படைகளை மாற்றுவதாயின், மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைவதோடு மக்களும் வாக்கெடுப்பில் இசைதல் வேண்டும். மக்களின் இறைமை, சமயச் சுதந்திரம், பாராளுமன்றத்தின் காலத்தை ஆறாண்டுக்கு மேல் நீட்டுதல் ஆகியன அவற்றுட் சில. செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல் கிடைத்தால் வெற்றி. ஆயினும், அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகள் இடாப்பிலுள்ள வாக்காளர் தொகையில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிடின், அவ்விடாப்பினரில் மூன்றில் ஒரு பங்கினராவது ஆதரித்திருத்தல் வேண்டும்.

விதி நன்றாகவே இருக்கின்றது. நடந்தது யாது?

இந்நாடு இதுவரை ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பையே கண்டது. 1982 டிசெம்பர் 22 ஆந் திகதி, சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஆட்சியில் அது நிகழ்ந்தது. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தைப் பொதுத்தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீட்டலாமா என்பதே வினா. ஆம் என்பார்க்கு விளக்கு. இல்லை என்பார்க்குக் குடம். அவசரகால நிலை நடைமுறையில் இருந்தது. விளக்குக்கு 31 இலட்சத்துக்கு மேலும், குடத்துக்கு 26 இலட்சத்துக்கு மேலும் வாக்குகள் விழுந்தன. நூற்றுக்கு 54.66 பங்கினால் விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டம் பெரும்பான்மையாகக் குடத்தின் பக்கமே நின்றது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலேதான் வந்தது. 1977 இல் வயது போதாமல் நின்ற இளைஞர், தம் பிரதிநிதியைப் பொதுத்தேர்தலில் தெரிவதற்குப் பதினோராண்டுக்கு மேல் காத்திருந்தனர்.

அன்று வாக்களித்த என் அம்மம்மா சொல்வார்: "தம்பி, விளக்கும் குடமும் எங்கட சாமியறையில ஒண்டா இருக்கிற சாமான். அண்டைக்கு ரெண்டில ஒண்டைத் தள்ளச் சொன்னாங்கள்." மைத்துனன் உடையவனைக் கேட்டது உண்மை. கேட்டது தன் தவணையை நீட்டுவதற்காக. கேட்ட நாளும் தனக்கு வாய்த்த நாள்.

மற்றொரு வாக்கெடுப்பு நம் வாசலுக்கே வருவதாயிருந்தது. 1987 ஜூலை 29 இல் ஒப்பமிட்ட இலங்கை இந்திய உடன்படிக்கை, வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைப்பதற்கு வழிவகுத்தது. இணைப்பு நிலைப்பதா என்பதைக் கிழக்கு மாகாண மக்களே 1988 டிசெம்பர் 31 க்கு முன் வாக்களித்துத் தீர்ப்பர் என்றது. பிரதம நீதியரசர் தலைமையில் ஒரு குழு அதனை மேற்பார்வை செய்யும் என்றும் கூறிற்று. ஆனால் நாளைப் பின்போடும் அதிகாரத்தையும் சனாதிபதிக்கே அளித்தது. நாள் பின்போடப்பட்டது, மீண்டும் மீண்டும் பின்போடப்பட்டது. 2006 ஒக்டோபரில், இணைத்த முறை செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2007 சனவரி முதலாந் திகதி மாகாணங்கள் பிரிந்தன. இணைந்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, பிரிந்தபோதும் கேட்கவில்லை.

இணைப்பு நன்றா தீதா என்று அடியேன் இங்கே வாதிடவில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் சேருவிலவிலும் விடைகள் வேறுபட்டிருக்கும், இவ்வவையிலேயே வேறுபடும். அயலவன் விடை எனக்கு உவப்பற்றதாயினும், அவனைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

சுவிற்சர்லாந்தில், பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஏற்காத குடிமக்கள் நூறு நாட்களுக்குள் 50,000 ஒப்பங்கள் திரட்டினால், அதனை வாக்கெடுப்புக்கு விட்டே ஆகவேண்டும். அங்கே கேள்வியை எழுப்பும் உரிமை மக்களிடமும் உண்டு. நம் நாட்டிலோ, விடை சொல்லும் உரிமை மட்டுமே நம்முடையது. கேள்வியும் நாளும் ஆள்வோர் கையில்.

இளைஞர்களே, 83 முதல் 86 வரையுள்ள உறுப்புரைகள் சில பக்கங்களே; தமிழிலும் உள்ளன. அவற்றை நம் வாசிகசாலையில் ஒருமுறை கூடியிருந்து படிப்போம். இடாப்பில் நம் பெயர் உண்டா என்றும் பார்த்துக்கொள்வோம். இன்னொரு வாக்கெடுப்பு வருமாயின், எந்தச் சின்னத்துக்கு என்று ஆராயுமுன், கேட்பவர் யார், இன்று ஏன் கேட்கிறார் என்று முதலில் ஆராய்வோம்.