காணாமையும் இல்லாமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



விஞ்ஞானம் பயிலும் மாணவனாகிய என்னை, விஞ்ஞானமும் சமயமும் என்ற பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இப்பொருள் பற்றிப் பேசுவோரில் ஒரு சாரார், விஞ்ஞானிகள் இன்று காண்பனவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்பர். மற்றொரு சாரார், கருவிக்கு அகப்படாத பொருள் இல்லாத பொருளே என்பர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பது என் தாழ்மையான கருத்து. அதனை ஒரு மூலக்கூற்றின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஈலியம் எதனோடும் எளிதிற் சேராத வாயு என்று நாம் பள்ளிக்கூடத்திற் படித்திருக்கிறோம். ஆயினும் 1925ஆம் ஆண்டில் ஹொக்னெஸ், லன் என்னும் இருவர், ஈலிய அணுவொன்று ஐதரசனின் கருவாகிய புரோத்தனோடு கூடி ஓர் அயனாக நிற்பதை ஆய்வுகூடத்திற் கண்டனர். இதனை ஈலியம் ஐதரைட்டு அயன் என்பர்.

பிரபஞ்சம் தோன்றி, விரிந்து, குளிரத் தொடங்கியபோது முதன்முதல் உண்டான மூலக்கூறு இதுவே என்பது வானியலாளர் முடிபு. அக்காலத்தில் இருந்தவை பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமுமே. அவ்விரண்டில் ஈலியமே முதலில் இலத்திரன்களைப் பற்றி நடுநிலை அடைந்தது. அதனோடு புரோத்தன் இணைந்தது. இவ்வாறு பிறந்த அயன், பின்னர் ஐதரசன் மூலக்கூறு பிறப்பதற்கு வழி செய்தது. அந்த ஐதரசன் மூலக்கூறு வாயுத் திரள்களின் வெப்பத்தை வெளியேற்றி, அவை சுருங்கி முதல் நட்சத்திரங்களாகத் துணை புரிந்தது. எனவே, பிரபஞ்ச இரசாயனத்தின் அரிச்சுவடி இம்மூலக்கூற்றிலே தொடங்குகிறது எனலாம்.

ஆனால் இது வானத்தில் எங்கும் காணப்படவில்லை. இறக்கும் நட்சத்திரங்கள் வெளியே தள்ளிய வாயு முகில்களில் இது இருத்தல் கூடுமென 1970ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் கூறினர். தேடினர், கிடைக்கவில்லை. ஆண்டுகள் பல சென்றன.

தொலைவிலுள்ள முகிலில் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூற்றை எவ்வாறு தேடுவது? மூலக்கூறுகள் பம்பரம் போலச் சுழல்கின்றன. ஆனால் அவை நினைத்த வேகத்திலெல்லாம் சுழல முடியாது. சில குறித்த வேகங்களே அவற்றுக்கு உண்டு. ஒரு வேகத்திலிருந்து அதனிற் குறைந்த வேகத்துக்கு இறங்கும்போது, குறித்த அலைநீளமுடைய கதிரொன்றை வெளிவிடும். அந்த அலைநீளம் ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் உரிய கைந்நாட்டுப் போன்றது. ஈலியம் ஐதரைட்டு மிக இலேசானது. ஆதலால் அதன் கைந்நாட்டுச் செந்நிறக்கீழ்க் கதிர்களின் கடைக்கோடியில், 0.149 மில்லிமீற்றர் அலைநீளத்தில் விழுகிறது. செந்நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உண்டென்பதை வில்லியம் ஹேர்ஷல் 1800ஆம் ஆண்டில் வெப்பமானியொன்றைக் கொண்டு காட்டினார். நாம் கூறும் கதிரின் அலைநீளமோ செந்நிற ஒளியினதைப் போல ஏறத்தாழ 200 மடங்கு.

இங்கே இரு தடைகள் இருந்தன. முதலாவது, நம் தலைக்கு மேலுள்ள காற்று. அதிலுள்ள நீராவி இக்கதிரை நிலத்துக்கு வரவிடாது விழுங்கிவிடுகிறது. இரண்டாவது, அண்டை வீட்டான். காபன் ஒன்றும் ஐதரசன் ஒன்றும் சேர்ந்த வேறொரு மூலக்கூறும் இதற்கு மிக அண்மையான அலைநீளத்தில் கதிர் வீசுகிறது. 1995 முதல் 1998 வரை வானில் இயங்கிய ஐரோப்பியச் செய்மதியொன்று காற்றுக்கு மேலே நின்று நோக்கியது. எனினும் இவ்விரண்டையும் பிரித்தறியும் நுட்பம் அதன் கருவிக்கு இருக்கவில்லை. நெருங்கிய இரு சுருதிகளைப் பழகாத செவி ஒன்றெனவே கேட்பதைப் போன்றது இது.

அமெரிக்காவும் ஜேர்மனியும் கூடிப் போயிங் 747 விமானமொன்றின் பக்கத்தைத் திறந்து, அதனுள்ளே பெரிய தொலைகாட்டியொன்றை அமைத்தன. சோபியா எனப் பெயர் பெற்ற அந்த விமானம் ஏறத்தாழ 40,000 அடி உயரத்திற் பறந்து, வளிமண்டல நீராவியின் பெரும் பகுதியைக் கீழே விட்டது. றொல்வ் கூஸ்டன் என்னும் ஜேர்மனிய விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் மூன்று பறப்புகளில், என். ஜீ. சீ. 7027 என்னும் வாயு முகிலை நோக்கினர். அன்னம் எனப் பொருள்படும் சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்தில், ஏறத்தாழ 3,000 ஒளியாண்டுத் தொலைவில் அம்முகில் உள்ளது. அண்டை வீட்டானின் குரலினின்றும் வேறாக, ஈலியம் ஐதரைட்டின் குரல் தெளிவாகக் கேட்டது! 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் இம்முடிவு வெளியாயிற்று. 2020ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மலையுச்சியிலுள்ள தொலைகாட்டி, அதே முகிலில் இம்மூலக்கூற்றின் வேறு கதிர்களைக் கண்டு இரண்டாவது சாட்சி பகர்ந்தது. சோபியா 2022ஆம் ஆண்டில் தன் கடைசிப் பறப்பை முடித்து ஓய்ந்தது.

ஒன்றை மறவாதிருப்போமாக. கண்டது ஆதிகாலத்து மூலக்கூற்றை அன்று. இயற்கையில் அது உண்டாகும் என்பதையே கண்டனர். அவர்கள் தாம் கண்ட அளவுக்குமேல் ஒன்றையும் கூறவில்லை.

அன்பர்களே, 1925 முதல் 2016 வரை 91 ஆண்டுகள். அவ்வளவு காலமும் அம்மூலக்கூறு அங்கே கதிர் வீசிக்கொண்டுதான் இருந்தது. காணாமை வேறு, இல்லாமை வேறு. இந்த வேற்றுமை நம் தருக்க நூலோர்க்குப் புதியதன்று. நிலத்திற் குடம் இல்லை என்று துணிய வேண்டுமாயின், குடம் இருந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலை வேண்டும் என்றனர் அவர்கள். இருட்டறையிற் குடத்தைக் காணாதவன், குடம் இல்லையென்று கூற உரிமையற்றவன். கருவிக்கு அகப்படாதது இல்லையென்பார்க்கு இதுவே விடை.

ஆனால் மற்றச் சாராருக்கும் ஒரு விடை உண்டு. இருட்டறையிற் குடம் தெரியவில்லை என்பதனால், குடம் உண்டென்றும் ஆகிவிடாது. ஈலியம் ஐதரைட்டை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் கண்டார்கள், அலைநீளத்தை அளந்தறிந்தார்கள், இந்த இடத்தில் இவ்வாறு தோன்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேடினார்கள். தோன்றாவிட்டால் தம் கணக்கைத் திருத்தவும் ஆயத்தமாய் இருந்தார்கள். மாணிக்கவாசக சுவாமிகள் திருவண்டப்பகுதியில் அண்டங்களின் பெருக்கத்தைப் பாடியருளினார். அது இறைவனின் பெருமையில் உள்ளம் கரைந்து பாடியது. அதில் மூலக்கூறுகளைத் தேடி எடுத்துக் காட்டுவது விஞ்ஞானத்துக்கும் பயன்படாது, திருவாசகத்துக்கும் சிறப்பாகாது. பெரியோர்கள் இதனைச் சிறியேனின் துடுக்கு என எண்ணாதிருக்க வேண்டுகிறேன்.

சிவஞான சித்தியார் பதி, பசு, பாசம் என்ற பொருள்களை ஆராயப் புகுமுன் அளவையை வகுத்துக்கொள்கிறது. எதனை அறிந்தோம் என்பதற்கு முன், எவ்வாறு அறிந்தோம் என்று கேட்பது நம் முன்னோர் வழி. அவர்களுடைய பெருமைக்கு இதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை. இச்சங்கத்து இளைஞர்களாகிய நாம் அந்த வழியைக் கைக்கொள்வோமாக. காணாததை இல்லையென்று இகழவும் வேண்டாம். விரும்பியதைக் கண்டோமென்று சாதிக்கவும் வேண்டாம். பொறுமையோடு தேடுவோம். தேடுவதற்குத் தக்க கருவிகளை நாமும் ஆக்கக் கற்றுக்கொள்வோம்.